சிறுகுடலில் பைகள்: அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். 15 வருடமாகச் சுகர். ஒரு வருடமாக வயிறு உப்புசம், சாப்பிட்டதும் வயிற்றில் கடமுடா சத்தம், தினம் நாலைந்து முறை பேதி. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை. எடை 8 கிலோ குறைந்துவிட்டது. கால் மரத்துப்போகிறது என்கிறார். அது சுகரால்தான் என்று விட்டுவிட்டோம். முதலில் எடுத்த ஸ்கேனில் கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி போல இருக்கிறது என்றார்கள். வீடே ஆடிப்போய்விட்டது. பிறகு சி.டி. ஸ்கேனில் அது கட்டி இல்லை, டியோடினத்தில் ஒரு பை, ஜெஜூனத்தில் பல பைகள், டைவர்டிகுலா என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே வேண்டாம் என்கிறார். இது வெடித்துவிடுமா? புற்றுநோயாக மாறுமா? விதை மாட்டிக்கொள்ளும் என்று கொய்யா, கத்திரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அண்ணன் மகனுக்கும் ஆறு வயதில் குடலில் பை என்று ஆபரேஷன் நடந்தது. இது பரம்பரை வியாதியா? சி.டி. அறிக்கையையும் அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் புற்றுநோய் என்று சந்தேகப்பட எதுவும் இல்லை. டியோடினம் என்பது இரைப்பையை அடுத்துக் கணையத்தின் தலையைச் சுற்றி வளைந்து போகும் குடல். அதில் உள்ள பைக்குள் காற்று இல்லாமல் தண்ணீர் மட்டும் நின்றால், வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனில் கணையத்து நீர்க்கட்டி மாதிரியேதான் தெரியும். இரண்டாவது முறை அப்பாவைக் குடிக்கச் சொல்லிக் கொடுத்த திரவம் அந்தப் பைக்குள் போய் நிரம்பியிருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். கட்டிக்குள் குடித்த தண்ணீர் போகாது. அந்த பயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன்? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் 'ஒன்றுமே வேண்டாம்' என்று சொன்ன டாக்டரோடும் நான் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு வைத்தியம் வேண்டும், அதுவும் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும். வைத்தியம் பைக்கு இல்லை, பைக்குள் குடியேறியிருக்கும் கிருமிகளுக்கும் அவை உண்டாக்கிய சத்துக் குறைவுக்கும்.

குடல் சுவரில் ரத்தக்குழாய்கள் நுழையும் இடங்களில் தசை மெலிந்திருக்கும். வயது ஏறி, குடலின் அசைவு ஒழுங்கு தவறி, உள்ளே அழுத்தம் கூடும்போது உள்தோல் அந்த வழியாக வெளியே பிதுங்கும். பழைய சைக்கிள் டயரில் கிழிசல் வழியாக டியூப் புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. டியோடினப் பை அபூர்வமே இல்லை. தேடிப் பார்த்தால், பார்க்கும் முறையைப் பொறுத்து, நூற்றுக்கு 5 பேர் முதல் 20 பேருக்கு மேல் வரை இருக்கும். பெரும்பாலானவர்கள் அது இருப்பதே தெரியாமல் ஆயுசை முடித்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றிய முதல் குறிப்பை 1710-ல் ஷோமெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் பாரிஸில் எழுதினார். புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. டியோடினத்தை அடுத்து வரும் சிறுகுடல் பகுதியான ஜெஜூனத்தில் பைகள் வருவது குறைவு, நூற்றுக்கு ஒருவர் இருவர்தான். ஆனால் வந்தால் ஒன்றோடு நிற்பதில்லை. அறிகுறி கொடுப்பதும் பெரும்பாலும் இவைதான்.

எப்படிக் கொடுக்கிறது என்றால், ஜெஜூனம் இயல்பில் கிருமிகள் மிகக் குறைவாக இருக்கும் இடம். இரைப்பை அமிலம் கிருமிகளைக் கொல்கிறது. பட்டினி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு முறை குடலில் ஓர் அலை கிளம்பி, மிச்சம் மீதியைக் கீழே தள்ளிவிடுகிறது. அப்பாவுக்கு இந்த இரண்டு காவலும் தளர்ந்திருக்கின்றன. 15 வருடச் சுகர் குடல் நரம்புகளை மந்தமாக்கியிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் பான்டோபிரசோல் அட்டையும் இருக்கிறது. நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் காலையில் பல் துலக்கியதும் காபிக்கு முன்னால் போடுகிறார்களே, அதேதான். வருடக்கணக்கில் போடும்போது அமிலம் குறைந்து கிருமிகளுக்கு வழி சுலபமாகிறது. இதோடு உணவு தேங்கி நிற்கப் பல பைகளும் இருந்தால் கேட்கவா வேண்டும்!

அந்தக் கிருமிகள் அப்பா சாப்பிடும் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. உப்புசமும் கடமுடா சத்தமும் அதனால். பித்த உப்புகளை உடைத்துவிடுவதால் கொழுப்பு செரிக்காமல் வெளியே போகிறது. மலம் மிதப்பதும் எடை குறைவதும் அதனால். கொழுப்போடு வைட்டமின் டி போன்றவையும் போய்விடும். கடைசியாக, பி12 வைட்டமினை அவை தாங்களே தின்றுவிடும்.

பி12 விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது ஸ்கேன் அறிக்கை இல்லை, கால் மரத்துப்போகிறது என்ற ஒரு வரிதான். கால் மரப்பு என்றாலே பழியைச் சுகர் மேல் போட்டுவிட்டுப் போவது வீட்டிலும் நடக்கிறது, எங்களைப் போன்றவர்களிடமும் நடக்கிறது. சுகராலும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு பி12 குறைய மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: பைகளில் உள்ள கிருமிகள், பான்டோபிரசோல், சுகர் மாத்திரையில் உள்ள மெட்ஃபார்மின். சுகரால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்புவது கடினம். பி12 குறைவால் கெட்டது, சீக்கிரம் பிடித்தால் நன்றாகவே திரும்பும். தாமதித்தால் அதுவும் திரும்பாது.

வீட்டிலேயே இரண்டு மூன்று விஷயம் கவனியுங்கள். வாஷ்பேசினில் முகம் கழுவக் கண்ணை மூடும்போது அப்பா தள்ளாடுகிறாரா, ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொள்கிறாரா? கரண்ட் போன நேரத்தில் நடக்கத் தடுமாறுகிறாரா? செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு எட்டு நடந்துவிடுகிறாரா? ஆம் என்றால் காலின் நிலை மூளைக்குத் தெரியவில்லை என்று பொருள். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள். பேதியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ரத்தத்தில் பி12 அளவு பாருங்கள். ஊசி எதுவும் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் பி12 குறைவாக இருக்கலாம் என்பதால் 'ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிடக் கூடாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம். அது ரத்தசோகையைச் சரிசெய்துவிடும், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். இந்தக் கிருமிகளே ஃபோலிக் ஆசிட்டைத் தயாரிப்பதால் அப்பாவுக்கு அது குறைவாக இருக்க வாய்ப்பும் கம்மி. பி12 குறைவு உறுதியானால் 1000 மைக்ரோகிராம் ஊசி: முதலில் அடுத்தடுத்துச் சில நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. பைகள் இருக்கும்வரை மாத ஊசி தொடரும். இப்போது போடும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையில் உள்ள அளவு இந்த நிலைமைக்குக் காணாது.

அடுத்தது கிருமி. இது பெருகியிருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து, கால் மணிக்கு ஒரு தரம் ஒரு பையில் ஊதச் சொல்லி, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளப்பார்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைத்தால் செய்யலாம், அதற்கு முந்தைய நாலு வாரம் ஆன்டிபயாடிக் எதுவும் எடுத்திருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்கேனில் பைகள் தெரிகின்றன, பேதி, எடைக் குறைவு எல்லாம் பொருந்தி வருகின்றன. இந்த நிலையில் சிகிச்சை கொடுத்துப் பலன் பார்ப்பது சரியான வழிதான்.

நான் முதலில் யோசிப்பது ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக், இரண்டு வாரம். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, குடலோடு நின்றுவிடும், வயதானவர்களுக்குத் தொந்தரவு கம்மி. விலை கொஞ்சம் கூடுதல். அதனால் பல இடங்களில் வேறு மருந்து எழுதுவார்கள், தவறில்லை. ஆனால் அப்பா விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மெட்ரோனிடசோல் நல்ல மருந்து, ஆனால் திரும்பத் திரும்ப, நீண்ட நாள் கொடுத்தால் அதுவே கால் மரப்பை உண்டாக்கும். ஏற்கெனவே மரத்த காலுக்கு அது வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், அப்பா போடும் சுகர் மருந்தான கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த நாட்களில் வீட்டு மீட்டரில் அடிக்கடி சுகர் பாருங்கள்.

மருந்து முடித்ததும் வயிறு லேசாகும், பேதி குறையும். சில மாதத்தில் மறுபடி ஆரம்பித்தால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பைகள் அங்கேயேதான் இருக்கின்றன, கிருமி திரும்ப வரத்தான் செய்யும். அடிக்கடி வந்தால் மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் ஆன்டிபயாடிக், ஒவ்வொரு மாதமும் மருந்தை மாற்றி, என்று ஒரு முறை வைத்துக்கொள்வோம். இதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். பேதியை நிறுத்த லோபெரமைடு மாத்திரையும் வாங்காதீர்கள். அது குடல் அசைவைக் கட்டிப்போடும், கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

படத்தில் இருந்த சுகர் மாத்திரையைப் பார்த்தேன். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை அது: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ். வோக்லிபோஸின் வேலையே மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவதுதான். செரிக்காத மாவு கீழே போய் வாயுவாகும். சாதாரண ஆளுக்கே உப்புசம் வரும், அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம். மெட்ஃபார்மினும் பேதி கொடுக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சுகர் டாக்டரிடம் ஸ்கேன் அறிக்கையைக் காட்டி 'வோக்லிபோஸ் இல்லாமல் மாற்ற முடியுமா' என்று கேளுங்கள். வயிற்றுக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர் என்று போகும் வீடுகளில் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிவதில்லை.

பான்டோபிரசோலைப் பொறுத்தவரை, எதற்காக ஆரம்பித்தது என்று அப்பாவைக் கேளுங்கள். எப்போதோ நெஞ்செரிச்சலுக்கு ஒரு வாரம் கொடுத்தது அப்படியே ஓடிக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். சட்டென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் துள்ளும், அதைப் பார்த்து மறுபடி போட ஆரம்பித்துவிடுவார். ஆனால் இதயத்துக்கு ஆஸ்பிரினும் எடுக்கிறார் என்று அட்டையில் தெரிகிறது. அப்படியானால் இரைப்பையைக் காப்பாற்றவும் இது கொடுக்கப்பட்டிருக்கலாம். இரண்டில் ஒன்றைத் தொடுவதற்கு முன் இதய டாக்டரைக் கேட்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டவே வேண்டாம். குடலில் ரத்தக்கசிவும் ஓட்டையும் வரவைக்கும் ஆள் அது.

ஸ்கேனில் பை தெரிந்துவிட்டது என்பதற்காக 8 கிலோ எடைக் குறைவுக்கு இது ஒன்றே காரணம் என்று முடித்துவிடக் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோய் இருக்கிறது. கணையம் சுரப்பது குறைந்தாலும் மலம் இதே மாதிரி மிதக்கும். தைராய்டு, குடல் ஒட்டுண்ணிகள் இவற்றையும் பார்க்க வேண்டும். கிருமிக்கு மருந்து கொடுத்து இரண்டு மாதத்தில் எடை திரும்ப ஏறவில்லை என்றால் இவற்றை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கடலூரிலிருந்து வர வசதிப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் குடல், இரைப்பைக்கென்று மருத்துவப் பிரிவும் அறுவைப் பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன.

இனி ஆபரேஷன். பை வெடித்தால், ரத்தப்போக்கு நிற்காவிட்டால், குடல் அடைத்துக்கொண்டால், பையில் சீழ் பிடித்து ஆன்டிபயாடிக்கில் அடங்காவிட்டால், அல்லது அது திரும்பத் திரும்ப வந்தால் செய்துதான் ஆக வேண்டும். ஜெஜூனத்தில் பைகளை ஒவ்வொன்றாக நறுக்க மாட்டார்கள், பைகள் உள்ள குடல் பகுதியையே எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பார்கள். அப்பாவுக்கு நீண்ட தூரத்துக்குப் பரவியிருக்கிறது. அவ்வளவையும் எடுத்தால் மிச்சமுள்ள குடல் சத்தை உறிஞ்சப் போதாது. எடுத்தாலும் குடலின் மந்த அசைவு மாறாது. டியோடினப் பை இன்னும் சிக்கலான இடம்: பித்தக்குழாயும் கணையக்குழாயும் வந்து திறக்கும் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொந்தரவு இல்லாத பையை அங்கே போய் எடுப்பது, இல்லாத வினையை விலைக்கு வாங்குவது. அதை விட்டுவிடுங்கள்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். வெடிக்கலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். திடீரென்று கடுமையான வயிற்று வலி, வயிறு பலகை மாதிரி இறுகுவது, காய்ச்சலோடு வலி, பச்சையாக வாந்தி எடுத்துக் காற்றும் மலமும் பிரியாமல் இருப்பது, மலத்தில் ரத்தம். தார் மாதிரி கருத்து, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு மலம் போனாலும் ரத்தம்தான். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கருக்கும், ஆனால் பிசுபிசுப்பு இருக்காது. வயதான சுகர்காரர்களுக்கு வலியும் காய்ச்சலும் மட்டாகவே தெரியும். 'அப்பா என்னவோ சோர்ந்து படுத்திருக்கிறார், வயிற்றைத் தொடவிட மாட்டேன் என்கிறார்' என்பதே போதுமான காரணம். இரவாக இருந்தாலும் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போய்விடுங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இன்னொரு அறிகுறியைத் தனியாகச் சொல்கிறேன். டியோடினப் பை பித்தக்குழாயை அழுத்தி, கல்லே இல்லாமல் காமாலை வரவைக்கலாம். 1934-ல் இதை விவரித்த லெம்மெல் என்ற மருத்துவரின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். கண் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறம், மலம் வெளுப்பு, உடம்பு அரிப்பு. காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அப்பாவுக்குக் காமாலை வந்தால் அது குழாய் அடைப்பாக இருக்கலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வாய்வழியாகக் குழாய்விட்டே அடைப்பை நீக்கிவிட முடியும், பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.

சாப்பாடு. கொய்யாவையும் கத்திரிக்காயையும் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விதை பையில் மாட்டும் என்பது ரொம்ப நாள் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த விஷயம். பெருங்குடல் பைகளைப் பற்றி அறிய 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 வருடம் கவனித்து 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கொட்டைகளும் சோளமும் சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு கூடவில்லை. சிறுகுடல் பைக்கும் விதையை ஒதுக்கச் சான்று எதுவும் இல்லை. மாட்டுவது விதை இல்லை, மெல்லாமல் விழுங்கிய நார்க் கத்தை. அது பையில் தங்கி உருண்டு கெட்டியானால், பிறகு குடலை அடைக்கும். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இருக்கிறதா? கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால் பல்செட் முதலில். முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்பிவிடச் சொல்லுங்கள், பலாச்சுளையை ஒட்டிய நாரை உரித்துவிடுங்கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சீசனில் பலாவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. சுகருக்காகவும் வாயுவுக்காகவும் ஒரு சுளை, இரண்டு சுளையோடு நிறுத்தட்டும்.

மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதற்குப் பதில் ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாக. இட்லி, குழைந்த சாதம், பாசிப்பருப்பு, முட்டை, குழம்பு மீன் எல்லாம் ஒத்துக்கொள்ளும். பொரித்த மீனும் வடையும் கொழுப்பு செரிக்காத வயிற்றுக்கு இப்போது வேண்டாம். கொண்டைக்கடலை, காராமணி, நிறைய வெங்காயம், டம்ளர் டம்ளராய்ப் பால் இவை வாயுவைக் கூட்டும். மோர் குடிக்கலாம். மலச்சிக்கலுக்கென்று விற்கும் இசப்கோல் போன்ற நார்த்தூள் அப்பாவுக்கு இப்போது உதவாது. விலை கூடின புரோபயாடிக் கேப்சூலுக்குக் கொடுக்கும் பணத்தை பி12 ஊசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரை பற்றி: அப்பாவுக்கு வந்தது வயதோடு வந்தது. உங்களுக்கும் அண்ணனுக்கும் இதற்காக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அண்ணன் மகனுக்கு இருந்தது அநேகமாக மெக்கல் பை. அது கருவில் இருக்கும்போது தொப்புளோடு இருந்த இணைப்பின் மிச்சம், நூற்றுக்கு இரண்டு பேருக்குப் பிறவியிலேயே இருக்கும். சிறுகுடலின் கடைக்கோடியில், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதில் சிலருக்கு இரைப்பைத் தோல் இருந்து அமிலம் சுரப்பதால் குழந்தை வயதில் ரத்தம் போகும், எடுத்துவிட்டால் தீர்ந்தது. தாத்தாவின் பைக்கும் பேரனின் பைக்கும் சம்பந்தம் இல்லை.

போகும்போது மாத்திரைகளை எழுதிக்கொண்டு போகாமல் அட்டைகளையே கொண்டு போங்கள். சி.டி. ஸ்கேன் அறிக்கையை உங்கள் போனிலும் அண்ணன் போனிலும் படம் பிடித்து வைத்திருங்கள். எதிர்காலத்தில் யார் அப்பாவுக்கு எண்டோஸ்கோபியோ பித்தக்குழாய் சிகிச்சையோ செய்தாலும், குழாயை உள்ளே விடும் முன் 'டியோடினத்தில் பை இருக்கிறது' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பித்தக்குழாயின் வாய் பையின் ஓரத்தில் மறைந்திருக்கலாம், முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற கவனத்தோடு தேடுவார்கள்.